பால் வற்றச் சமைத்த காளான்

எங்கள் பக்கத்தில் பாலூட்டும் பெண்ணுக்குக் காளான் கொடுப்பதில்லை. கொடுத்தால் பால் வற்றிவிடும் என்பது நம்பிக்கை. பிள்ளை செத்துப் பிறந்தவளுக்கும், பிறந்த சில நாட்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கும் மட்டும் அதைத் தேடிப் பறித்து வந்து சமைத்துப் போடுவார்கள். மார்பில் கட்டிக்கொண்ட பால் சீக்கிரம் வற்றட்டும் என்பதற்காக. ஆகையால் பச்சை உடம்புக்காரியின் முன்னால் காளான் குழம்பு வைக்கப்படுகிறது என்றால் அந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று பொருள். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் அடுப்படி வாசனையிலேயே அதைத் தெரிந்துகொண்டு குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

காளானைப் பற்றி இந்நாளில் எழுதுகிறவர்கள் அதன் சத்தையும் சுவையையும் எழுதுகிறார்கள். தாவரவியல் படித்தவள், பழைய குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் என்னையும் எழுதச் சொன்னார்கள். சமையலை எழுதுகிறேன். மருத்துவத்தையும் எழுதுகிறேன். ஆனால் அந்த மருத்துவம் என் உடம்பில் செய்யப்பட்டது. அதை ஒதுக்கிவிட்டு எழுத எனக்கு வராது. ஆட்களின் பெயர் எதுவும் இதில் இராது. அந்தக் குடும்பம் இன்றும் மதிப்போடு இருக்கிறது. நானும் அதில் ஒருத்தி.

ஐம்பதுகளில் நடந்தது. என் மூத்த மகள் கோயமுத்தூரில் என் தாய்வீட்டில் பிறந்தாள். அது ஐப்பசி மாதம். இடியோடு மழை கொட்டிய மறுநாள், தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து கூடையில் காளான் கொண்டுவந்து விற்கும் பெண்ணொருத்தி வாசலில் நின்று குரல் கொடுத்தாள். என் தாயார் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"பச்சப்புள்ளக்காரி இருக்கறா அம்மணி. கூடைய இங்க எறக்காதே, அக்கட்டால போ."

அந்தப் பெண்ணும் தவறு செய்துவிட்டவளைப் போலக் கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு நகர்ந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையில் விடுதியில் தங்கிப் பட்டம் வாங்கியவள் நான். காளானுக்கும் தாய்ப்பாலுக்கும் என்ன தொடர்பு என்று என் தாயாரிடம் வாதாடினேன். பக்கத்து வீட்டில் காளான் தாளிக்கும் வாசனை வந்தபோது அவர் என் அறையின் சன்னலைச் சாத்தினார், அவ்வளவுதான்.

என் கணவர் வீடு கோயமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தோட்டத்தில் இருந்தது. தென்னையும் மஞ்சளும் வாழையும் உண்டு. பெரியநாயக்கன்பாளையம் போகும் பாதையில் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலை ஒன்றும் உண்டு. மாமனார் காலமாகிவிட்டிருந்தார். மாமியாரின் சொல்தான் வீட்டில் நடந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் ஆலையைப் பார்த்தார். இளையவரான என் கணவர் தோட்டத்தைப் பார்த்தார்.

மூத்தவரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, கல்யாணமாகிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பிள்ளை இல்லாதவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். என்னிடம் அவளுக்கு ஒருவிதமான மரியாதை இருந்தது. என் புத்தக அலமாரியைச் சொல்லாமலே துடைத்து, புத்தகங்களைத் தலைகீழாக அடுக்கி வைப்பாள். நான் திருத்துவதில்லை. திருத்தினால் மறுநாள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அரை நாள் நிற்பாள்.

காளான் சமைப்பதில் என் மாமியாருக்கு ஈடாக ஒருவரை நான் பார்த்ததில்லை. அவர் செய்ததையெல்லாம் மீறி இதைச் சொல்கிறேன். புற்றுக்காளானைக் குடை விரியுமுன் மொட்டாகப் பறிக்க வேண்டும். விரிந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் புழு வைத்துவிடும். அதன் காம்பு புற்றுக்குள் வெகு ஆழம் போகும். இழுத்தால் அறுந்துவிடும் என்று ஆட்கள் குச்சியால் மண்ணைக் கிளறி எடுப்பார்கள். மாமியார் காம்பில் ஒட்டிய மண்ணைச் சீவி, மஞ்சள் கரைத்த தண்ணீரில் அலசி, அரிவாள்மணையில் நறுக்காமல் கையாலேயே நீளவாக்கில் கிழிப்பார். கோழிக்கறியின் நார் போல அது பிரிந்து வரும். கடலை எண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கிக் காளானைப் போட்டு மூடிவைத்தால், அது விடும் நீரிலேயே அது வெந்துவிடும். அதற்குப் பிறகுதான் மல்லியும் மிளகும் சீரகமும் வறுத்துத் தேங்காயோடு அம்மியில் அரைத்த விழுதைச் சேர்ப்பார். புற்றைச் சுற்றி அரிசி இறைத்தாற்போல் முளைக்கும் சின்னஞ்சிறு காளான்களை மட்டும் அரைப்பு எதுவும் சேர்க்காமல் உப்பும் மிளகும் போட்டு வதக்குவார். எனக்கு அது உயிர்.

மருந்தாகவும் அதைப் பயன்படுத்தினார்கள். நீண்ட காய்ச்சலில் இளைத்தவர்களுக்கு, உலர்ந்த காளானைப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தார்கள். சளிக்கு மிளகைத் தூக்கலாகப் போட்டுக் காளான் சாறு வைத்தார்கள். பழுத்துப் புகை போலத் தூள் கக்கும் உருண்டைக் காளானைத் தோட்டத்து ஆட்கள் அரிவாள் வெட்டுக் காயத்தில் அப்பினார்கள். விஷக்காளானைக் கண்டுபிடிக்க, வேகும்போது வெள்ளிக்காசைப் போடும் வழக்கமும் இருந்தது. காசு கறுக்காவிட்டால் நல்ல காளானாம். அது முழு மூடத்தனம் என்றும், அதை நம்பி உயிரை விட்டவர்கள் உண்டு என்றும் மாமியாரிடம் ஒருமுறை சொன்னேன்.

"அப்ப நீ திங்காதே கண்ணு. எங்களுக்கு இன்னுங் கொஞ்சம் எச்சாக் கெடைக்கும்," என்றார்.

இரண்டாம் பிரசவம் இங்கேயே ஆகட்டும் என்று மாமியார் சொன்னபோது நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆண் பிள்ளை பிறந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த மகிழ்ச்சி என் அறையைத் தேடி வரவில்லை; என் ஓரகத்தியின் அறைப் பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் வாயில் முதல் சர்க்கரைத் தண்ணீரை வைக்க மாமியார் அவளைத்தான் அழைத்தார். பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் என்னிடம் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவளிடம் போய்ப் பிள்ளை யார் சாயல் என்று கேட்டார்கள். நான் கவனித்தேன். பொருள்தான் புரியவில்லை.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு மதியம் மாமியார் தாமே என் அறைக்கு வட்டிலைக் கொண்டுவந்தார். வழக்கமாகச் சமையல்காரிதான் கொண்டுவருவாள். சோற்றின் மேல் காளான் குழம்பும், பக்கத்தில் மிளகு போட்டு வதக்கிய சின்னக் காளானும் இருந்தன. பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"சாப்புடு கண்ணு. உனக்குப் புடிக்கும்னு புத்துப் புத்தாத் தேடிப் பறிச்சுட்டு வரச் சொன்னேன்."

"அத்தை, நான் பால் குடுக்கறனுங்க."

"அதுக்குத்தான் கண்ணு."

என் கையில் பிள்ளையின் தலை இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் தலைமுடியை ஒதுக்கிவிட்டபடி மெல்லப் பேசினார்.

"பெரியவனுக்கு ஒரு புள்ள வேணுமல்ல? உனக்கு வயசிருக்குது, இன்னும் நாலு பெத்துக்குவே. அவளுக்கு என்ன இருக்குது? பையன் எங்கியும் போயிடல. இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு. நீ தெனமும் பாக்கலாம், தூக்கலாம், ஆரு வேண்டாங்கறா? பாலு மட்டும் ஆகாது. உங்கிட்டப் பாலு இருக்கற வரைக்கும் அவன் உன்ற பக்கந்தான் திரும்புவான். ஆறிப்போவுது, சாப்புடு."

பட்டப்படிப்புப் படித்த ஒரு பெண்ணிடம், அவள் பெற்ற பிள்ளை இனி அவளுடையது அல்ல என்ற செய்தி இவ்வாறு ஒரு வட்டிலில் வைத்துக் கொடுக்கப்பட்டது. நான் சாப்பிடவில்லை. மாமியார் வட்டிலை அங்கேயே மூடி வைத்துவிட்டுப் போனார். பொழுது சாய்ந்ததும் பசி தாங்காமல் சமையல்காரியிடம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"வேற எதும் அடுப்புல இல்லியே கண்ணு," என்றார் மாமியார், மிகுந்த வருத்தத்தோடு.

கணவர் தோட்டத்திலிருந்து வந்ததும் கேட்டேன். "ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவர் செருப்பைக் கழற்றுவதில் நெடுநேரம் செலவிட்டார். "அண்ணன் கேட்டாரு."

"என்னைய யாராவது கேட்டாங்களா?"

"உன்னையக் கேட்டா நீ வேண்டாம்ப. அதான் கேக்கல."

இதைவிட நேர்மையான விடையை அவர் தம் வாழ்நாளில் சொன்னதில்லை.

என் தகப்பனார் வழக்கறிஞர். கோயமுத்தூரில் நல்ல பெயர். அவருக்கு ஆள் அனுப்பினேன். அடுத்த நாளே வந்தார். வந்தவரை ஆசாரத்தில், அதாவது வீட்டு நடுக்கூடத்தில், உட்காரவைத்துத் தலைவாழை இலை போட்டார்கள். என் அறைக் கதவிடுக்கு வழியே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையில் காளான் விழுந்தது. அவர் அதைப் பார்த்தார். என் தாயார் சன்னலைச் சாத்திய வீட்டின் தலைவர் அவர். அதன் பொருள் அவருக்குத் தெரியும். சோற்றில் பிசைந்தார்.

"சம்பந்தியம்மா கைப்பக்குவம் இந்த ஜில்லாவுலயே கெடையாதுங்க."

"இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டார். கைகழுவிய பிறகு என் அறைக்கு வந்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்னையக் கூட்டிட்டுப் போயிருங்க."

"படிச்ச புள்ள நீ. நாலு பேரு பேசற மாதிரி வெச்சுக்காதே. பையன் ஆலைக்கு மொதலாளி ஆவான், ரோசனை பண்ணிப் பாரு சாமி."

"உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"எங்கிட்டயும் கலந்துகிட்டாங்க," என்றார். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வண்டிக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொண்டார்.

அன்றோடு நான் யாரிடமும் கேட்பதை நிறுத்தினேன். அழவும் இல்லை. ஒரு நாளுக்கு மேல் கிடந்த பட்டினியில் பால் குறைந்திருந்ததை நான் உணர்ந்தேன். சாப்பிட்டால் வற்றும் என்று அவர்கள் நம்பினார்கள். சாப்பிடாவிட்டால் குறையும் என்று என் உடம்பே சொன்னது. எது உண்மையோ அதன்படி நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அன்று மாலை நானே வட்டிலைக் கேட்டு வாங்கி, மாமியாரின் எதிரில், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் உண்டேன். சின்னக் காளானை இரண்டாம் முறை கேட்டேன். சுவையாகத்தான் இருந்தது. அந்தச் சுவையை இன்றும் நான் மறுக்க மாட்டேன்.

"நல்ல புள்ள," என்று என் தலையைத் தடவினார்.

அன்றிரவே பிள்ளையை ஓரகத்தியின் அறைக்கு மாற்றினார்கள். என் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டினார்கள். பால் நிற்க அதுவும் ஒரு வைத்தியம். காலையில் மார்பு கல்லாகிவிட்டது. காய்ச்சல் அடித்தது. சுவருக்கு அப்பால் பிள்ளை அழும். அழும்போதெல்லாம் கட்டிய துணிக்குள் பால் ஊறி மல்லிகையோடு சேர்ந்து புளித்து நாறும். பின்கட்டில் பொடக்காளி என்று சொல்லும் குளிக்கும் மறைவிடத்துக்குப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு பாலைப் பீச்சித் தரையில் விட்டேன். எறும்புகள் மொய்த்த இடத்தை நானே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

காளானால் பால் வற்றுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இங்கேயே விடை சொல்லிவிடுகிறேன். அந்தப் பருவம் முழுவதும், மழை நின்ற பிறகு உலர்ந்த காளானாகவும், நான் தின்ற அளவு எந்தப் பாலூட்டும் பெண்ணும் தின்றிருக்க மாட்டாள். வற்றவில்லை. குடிக்க வாய் இருந்தால் பால் ஊறும், இல்லாவிட்டால் நின்றுபோகும். செத்த பிள்ளை குடிப்பதில்லை. அந்தத் தாய்மார்களுக்குப் பால் வற்றியது அதனால்தான். பெயர் காளானுக்குப் போயிற்று.

பிள்ளைக்குத் தண்ணீர் கலந்த பசும்பாலைப் பாலாடையால் புகட்டினார்கள். ஒத்துக்கொள்ளவில்லை. வயிற்றால் போயிற்று. அழுகையின் சத்தம் நாளுக்கு நாள் குறைந்தது; அதுதான் என்னை நடுங்கவைத்தது. ஒரு மதியம், மாமியார் உறங்கும் நேரத்தில், என் கதவு மெல்லத் திறந்தது. ஓரகத்தி நின்றாள். முந்தானைக்குள் பிள்ளை.

"தாள் போட்டுக்கோ அம்மணி. அத்தை படுத்திருக்கறாங்க."

"எதுக்குங்க அக்கா?"

"கண்ணு குழிஞ்சு போச்சு பாரு. பாலை வாங்கறான், அப்படியே கக்கிப்போடறான். எனக்கு வெசனமா இருக்குது." பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ என்ன பண்றீன்னு நான் பாக்கல."

பிள்ளை பற்றிக்கொண்ட வேகத்தில் எனக்குக் கண் இருண்டது. அவள் சுவரைப் பார்த்தபடியே நின்று, அது விழுங்கும் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு பக்கமும் குடுத்துப்போடு," என்றாள்.

அதன் பிறகு தினமும் மதியத்தில் வந்தாள். சமயம் வாய்த்தால் காலையிலும் வந்தாள். பிள்ளை தேறியது. அவளுக்கு அதில் அத்தனை பூரிப்பு. தொடை மடிப்பில் சதை வைத்திருப்பதை எனக்கே எடுத்துக் காட்டுவாள், பிள்ளை அவளுடையது போல. அவளுடையதுதானே.

"கொஞ்சம் தேறட்டும் அம்மணி. அப்புறம் நிறுத்திக்கலாம். நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

"சரிங்க அக்கா."

"என்னைய அம்மான்னு கூப்புடுவானா?"

"கத்துக்குடுத்தாக் கூப்புடுவான்."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. என் பிள்ளையை எடுத்துக்கொண்டவள் அவள். நல்லவளாக இருந்ததால் அது இல்லையென்று ஆகிவிடாது.

மாமியார் அவ்வப்போது கேட்பார். "பாலு நின்னுச்சா கண்ணு?"

"வத்திப்போச்சுங்க அத்தை."

"நான் சொல்லல? காளான் கைகண்ட மருந்து."

தத்துக் கொடுக்க நாள் குறித்தார்கள். ஒறம்பரை என்று சொல்லும் உறவினர் கூட்டமெல்லாம் அழைக்கப்பட்டது. சடங்குக்கு முன்னால் பெண்கள் பந்தியில் எனக்கு மட்டும் காளான் பரிமாறுவதென்று மாமியார் ஏற்பாடு செய்திருந்தார். பெற்றவள் மனமொப்பித் தன் பாலை விட்டுவிட்டாள் என்று உறவுப் பெண்கள் எல்லோரும் கண்ணால் பார்த்துவிட வேண்டும். பின்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது. நுணுக்கமான ஏற்பாடு. என் மாமியாரின் புத்திக்கூர்மையை நான் குறைத்து மதிப்பிட்டதே இல்லை.

அன்று நானும் ஓர் ஏற்பாடு செய்தேன். காலையில் கதவு தட்டப்பட்டது. வளையல் ஓசையிலிருந்து யாரென்று தெரிந்தது. நான் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"அம்மணி."

நான் அசையவில்லை.

"அம்மணி, அவனுக்குப் பசி. கூட்டம் சேர்றதுக்குள்ள ஒருக்காக் குடுத்துப்போடு."

பிள்ளை முனகத் தொடங்கி, பிறகு வீறிட்டது. என் மார்பு அதற்கு விடை சொன்னது. இரு கைகளாலும் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் மீண்டும் வந்தாள், மீண்டும் தட்டினாள். "கோவமா அம்மணி? நான் என்ன பண்ணினேன்?" என்று கதவோடு வாய்வைத்துக் கேட்டாள். பிறகு காலடியோசை போய்விட்டது. பாலாடைப் பாலை அவன் துப்பிவிடுவான் என்பது எனக்குத் தெரியும். நான் எழுந்து பட்டுப்புடைவை கட்டிக்கொண்டேன். ரவிக்கையை மட்டும் வெளிர்நிறமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

பந்தியில் அத்தனை பேர் பார்க்கக் காளானை உண்டேன். மாமியார் அருகில் நின்று பரிமாறினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். சடங்குக்கு ஆசாரத்தில் என்னைக் கணவரின் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். எதிரே மூத்தவரும் ஓரகத்தியும். பிள்ளையைக் கொண்டுவந்து கணவர் மடியில் வைத்தபோது அது பசியில் நீலம் பாரித்துக் கத்திக்கொண்டிருந்தது. என் பக்கமாக முகத்தைத் திருப்பி, காற்றில் வாயைத் திறந்து தேடியது.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்யவேண்டியதை உடம்பு செய்தது. ரவிக்கை இருபுறமும் நனைந்து, புடைவையின் கரை வரைக்கும் ஈரம் இறங்கியது. முந்தானையை நான் இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை.

முதலில் பார்த்தது மாமியாரின் அக்காள். "ஏண்டி, மருமவளுக்குப் பாலு ஊறுதே!"

மாமியார் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. மறக்க விரும்பியதும் இல்லை. "காளான் போட்டனே," என்றார். "தெனமும் போட்டனே அக்கா. இப்பத்தான் எல்லாருங் கண்ணால பாத்தீங்களே."

"காளானுக்கும் வத்தலீன்னா அது வத்தற பாலு இல்லடி. அந்தப் புள்ளையப் பிரிச்சு வாங்கினா, வாங்கின ஊடு ஆகாது."

ஆலையில் அவ்வாண்டு புது இயந்திரம் இறக்கியிருந்தார்கள். நல்லது கெட்டது பார்த்தே அடியெடுத்து வைக்கிறவர் மூத்தவர். பிள்ளையை வாங்க நீட்டியிருந்த கைகளை மடக்கிக்கொண்டார்.

"எனக்கு வேண்டாமுங்க அம்மா."

பிள்ளை என் மடிக்கு வந்தது. அத்தனை பேர் முன்னிலையில் முந்தானைக்குள் அதை அணைத்துப் பாலூட்டினேன். என் தகப்பனாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவர் கூரையைப் பார்த்தார். ஓரகத்தி மட்டும் என்னையே பார்த்தாள். அவளுக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. காலையில் கதவு ஏன் திறக்கவில்லை என்பதும் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு அவள் மேல் திரும்பியது. அவள் அறைக்குப் போனதும் பிள்ளைக்கு வயிற்றால் போனதை நினைவுபடுத்திக்கொண்டார்கள். கொடுக்க வந்த பிள்ளையைக்கூட வாங்க முடியாத ராசி என்றார்கள். மூத்தவருக்கு வேறு பெண் பார்க்க வேண்டும் என்று மாமியார் அவள் காதுபடவே பேசினார். அதையும் கண்ணு, அம்மணி என்று இனிமையாகவே பேசினார்.

ஒரு நாள் அவள் என் அறைக்கு வந்தாள். இம்முறை கதவு திறந்துதான் இருந்தது.

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு அம்மணி. நாந்தான் தெனமும் தூக்கிட்டு வந்து உங்கிட்டப் பால் குடிக்க வெச்சேன்னு அத்தைகிட்டச் சொல்லிப்போடு. பாலு நிக்காமப் போனது அதனாலதான்னு சொல்லு. என்ற ராசிங்கறாங்க."

"நீங்களே சொல்லலாமுங்களே அக்கா."

"சொன்னேன். வேற பொண்ணுப் பாக்கறதத் தடுக்கப் பொய் சொல்றேங்கறாங்க. நீ சொன்னா நம்புவாங்க. நீ படிச்சவ."

அது உண்மை. நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள். நம்பிய அன்றே காளானுக்கு அதன் மதிப்புத் திரும்பக் கிடைத்திருக்கும். அடுத்த மழைக்கு மறுபடியும் வட்டில் வந்திருக்கும். கதவுக்குக் காவலும் வந்திருக்கும். இதை அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

"பையன் மறுபடியும் உங்க அறைக்கு வந்துருவான் அக்கா."

"நான் வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

"நீங்க சொன்னா யாருங்க கேப்பாங்க?"

என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அதுஞ் செரிதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்று வந்து கேட்டாலும் அதே விடையைத்தான் சொல்வேன். அவள் கேட்டது ஒரு வார்த்தை. அதற்கு விலை என் பிள்ளை. இதைக் கல்நெஞ்சு என்று சொல்பவர்கள், தாம் பெற்ற பிள்ளையை வட்டிலில் வைத்துக் கேட்கும் வீட்டில் ஒரு நாள் வாழ்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

அடுத்த வைகாசியில் மூத்தவருக்கு வேறொரு பெண் வந்தாள். சட்டத்துக்கு அது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு, அந்தக் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அச்சிடவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அதற்கு முன்பாகவே ஓரகத்தியை அவள் தாய்வீட்டுக்குத் தாட்டிவிட, அதாவது அனுப்பிவிட, முடிவு செய்திருந்தார்கள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று சொன்னார்கள். பெட்டி கட்டிய விதத்திலேயே திரும்பி வருவதற்கில்லை என்பது தெரிந்தது.

வண்டி பூட்டி வாசலில் நின்றது. அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என் அறை வாயிலில் வந்து நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. நான் தொட்டிலின் அருகில் உட்கார்ந்திருந்தேன்.

"போய்ட்டு வாரேன் அம்மணி."

"போய்ட்டு வாங்க அக்கா."

"பையனை ஒருக்காத் தூக்கிட்டுக் குடுத்துப்போடட்டுமா?"

"தூங்கறானுங்க," என்றேன்.

அவள் நின்ற இடத்திலிருந்து தொட்டில் நன்றாகத் தெரியும். "அப்பத் தூங்கட்டும். எழுப்பாதே," என்றாள்.

அவன் விழித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.